செப்டம்பர் மாதத்து வெளியூர் ஆட்டங்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் அமெரிக்காவின் பல்கலைக்கழக ஊர்களில் ஓர் வழக்கம் தொடங்கிவிடும். வரவிருக்கும் கால்பந்துப் பருவத்தின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்தின் எதிரிலும் வெற்றி அல்லது தோல்வி என்று ரசிகர்கள் குறித்துக்கொள்வார்கள். முறையான பருவத்தில் ஓர் அணிக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றுள் முதல் நான்கைந்து ஆட்டங்கள் செப்டம்பர் முடிவதற்குள் நடந்து முடிந்துவிடும். சொந்த மைதானத்தில் நடப்பவற்றைக் குறிக்கும்போது பேனா தயங்குவதில்லை. வெளியூரில் நடக்கும் ஆட்டத்துக்கு வரும்போதுதான் அது சற்று நின்று நகரும்.

இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரத்தில், நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியின் ரசிகர் ஒருவர் 2024 ஆகஸ்டில் இப்படி அட்டவணையுடன் உட்கார்ந்திருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். அவர் ஒருவரல்லர், அந்த ஆகஸ்டில் அதே அட்டவணையை அதே தயக்கத்துடன் பார்த்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர் முன்னிருந்த முதல் மூன்று வரிகள் இவை. ஆகஸ்ட் 31 அன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஆட்டம். செப்டம்பர் 7 அன்று வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகம் சவுத் பெண்டுக்கு வருகிறது. செப்டம்பர் 14 அன்று பர்டியூ பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஆட்டம். இரண்டு வெளியூர்ப் பயணங்கள். நடுவில் ஓர் உள்ளூர் ஆட்டம்.

இந்தியாவில் இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பதில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன். அதற்கு ஆறு புள்ளிகள், கூடுதல் உதையும் சேர்ந்தால் ஏழு. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், அதற்கு மூன்று. ஆடுபவர்கள் பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதுவரையிலான மாணவர்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்களோ ஓர் ஊரின் மக்கள்தொகைக்கு நிகரானவர்கள். ஏ அண்ட் எம் அணியின் கைல் ஃபீல்டு மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் அதிகமான இருக்கைகள் உள்ளன.

அத்தகைய மைதானத்துக்குள் பருவத்தின் முதல் வாரத்திலேயே நுழையும் அணியைப் பற்றி முன்கூட்டிச் சொல்வது ஏன் கடினம் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கையில் தரவு இல்லாமை. பருவத்தின் பிற்பகுதியில் ஓர் அணியை மதிப்பிட எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்களின் பதிவு இருக்கும். முதல் வாரத்திலோ ஒன்றுமில்லை. சென்ற ஆண்டு ஆடியவர்களில் பலர் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள். சிலர் தொழில்முறை அணிகளுக்குச் சென்றிருப்பார்கள். மாணவர்கள் ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான பதிவேடு 2018 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2021க்குப் பிறகு மாறியவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே ஆடலாம் என்றானது. அதன்பின் ஓர் அணியின் பெயரும் சட்டையின் நிறமும் மாறாமலிருக்க, உள்ளிருக்கும் ஆட்கள் பாதிக்குமேல் மாறிவிடுவது இயல்பாயிற்று. எனவே மதிப்பீட்டாளர்கள் மூன்று மறைமுகச் சான்றுகளைக் கொண்டே கணக்கைத் தொடங்குகிறார்கள்: சென்ற ஆண்டின் ஆட்டத்தில் எவ்வளவு பங்கு திரும்பி வருகிறது, கடந்த சில ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட மாணவர்களின் தரம் என்ன, அந்த அணியின் அண்மைக்கால வரலாறு எப்படி. பில் கானலி என்பவரின் எஸ்பி பிளஸ் என்னும் புகழ்பெற்ற மதிப்பீடும் பருவத்துக்கு முன் இம்மூன்றையே சார்ந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் இரைச்சல். தாக்கும் அணியின் குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் ஆட்டத்தைத் தொடக்குகிறார். அந்தக் குரலின் எந்த அசையில் பந்து நகரும் என்பதை அவருடைய அணியினர் மட்டுமே அறிவார்கள். தடுப்பவர்களைவிடக் கண்ணிமைக்கும் நேரம் முந்திக்கொள்ளும் சலுகை அது. ஒரு லட்சம் பேர் கத்தும்போது அந்தக் குரல் பக்கத்திலிருப்பவருக்கும் கேட்காது. அப்போது சைகையால் தொடங்க வேண்டியிருக்கிறது. முந்திக்கொள்ளும் சலுகை போய்விடுகிறது. பதற்றத்தில் ஒருவர் முன்னதாக அசைந்துவிட்டால் ஐந்து கெஜம் தண்டனை. 2024ஆம் ஆண்டுதான் முதன்முறையாக உயர்நிலைக் கல்லூரி ஆட்டங்களில் களத்திலுள்ள ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்க அனுமதி கிடைத்தது. அதுவும் ஆட்டக் கடிகாரத்தில் பதினைந்து வினாடிகள் எஞ்சியிருக்கும்போது துண்டிக்கப்பட்டுவிடும்.

மூன்றாவது, பயணமும் வெப்பமும் அறிமுகமில்லாத இடமும். ஆகஸ்ட் இறுதியில் டெக்சாஸின் மாலை நேரம் சவுத் பெண்டின் மாலை நேரம் போன்றதன்று. இவை எல்லாவற்றையும் சேர்த்து, சொந்த மைதானத்தின் மதிப்பு சராசரியாக இரண்டரை முதல் மூன்று புள்ளிகள் என்று மதிப்பீட்டாளர்கள் நெடுங்காலமாகக் கணக்கிட்டு வருகிறார்கள். அதாவது சரிசமமான இரண்டு அணிகளில் வீட்டிலிருக்கும் அணி ஒரு ஃபீல்டு கோல் வித்தியாசத்தில் வெல்லும் என்று எதிர்பார்க்கலாம். அந்தச் சராசரிக்குள் பருவத்தின் முதல் வெளியூர் ஆட்டமும் பதினோராவது வாரத்து வெளியூர் ஆட்டமும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. முதலாண்டு மாணவர் ஒருவருக்கு அவை ஒன்றாக இருக்க இயலாது.

சவுத் பெண்ட் ரசிகரின் தாளுக்குத் திரும்பலாம். நோட்டர் டேம் அப்போது நாட்டின் தரவரிசையில் ஏழாவது இடம். ஏ அண்ட் எம் இருபதாவது இடம். ஆனாலும் பந்தயக் கணிப்பாளர்கள் இருபதாவது அணியே சுமார் மூன்று புள்ளிகள் வித்தியாசத்தில் வெல்லும் என்றார்கள். நோட்டர் டேமின் தாக்குதல் வரிசையில் அனுபவம் மிகக் குறைவு. குவார்ட்டர்பேக்கின் பின்புறத்தைக் காக்கும் இடப்புற டாக்கிள் இடத்தில் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்து வந்த முதலாண்டு மாணவர் நின்றார். குவார்ட்டர்பேக் ரைலி லெனார்ட் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து அவ்வாண்டு மாறி வந்தவர். அவரை டியூக்கில் பயிற்றுவித்த மைக் எல்கோ இப்போது எதிரணியின் தலைமைப் பயிற்சியாளர். தம் வீரரின் பலமும் பலவீனமும் அறிந்த ஒருவர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். இத்தனையையும் எண்ணிப் பார்த்த ரசிகர் முதல் வரியில் தோல்வி என்று எழுதியிருந்தால் அது அறிவான குறிப்பே.

இரண்டாம் வரியில் அவர் ஒன்றும் எண்ணியிருக்கமாட்டார். வடக்கு இல்லினாய் சிறிய கூட்டமைப்பைச் சேர்ந்த அணி. வெற்றி என்று எழுதிவிட்டுக் கை மூன்றாம் வரிக்குப் போயிருக்கும்.

நடந்தது வேறு. கைல் ஃபீல்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஆட்டம் 13க்கு 13 என்று சமநிலையில் கடைசி நிமிடங்கள்வரை சென்றது. இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரம் எஞ்சியிருந்தபோது ஜெரமையா லவ் பந்துடன் ஓடி டச்டவுன் அடித்தார். நோட்டர் டேம் 23க்கு 13 என்று வென்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு, தரவரிசையில் ஐந்தாம் இடத்துக்கு உயர்ந்திருந்த அதே அணி, தன் சொந்த மைதானத்தில், சுமார் நான்கு டச்டவுன் வித்தியாசத்தில் வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆட்டத்தில், வடக்கு இல்லினாயிடம் 14க்கு 16 என்று தோற்றது. முப்பத்தோரு வினாடிகள் எஞ்சியிருக்கையில் உதைக்கப்பட்ட ஒரு ஃபீல்டு கோல் அதை முடிவு செய்தது. மூன்றாம் வாரத்தில் நோட்டர் டேம் மீண்டும் வெளியூர் சென்றது. சென்ற வாரத் தோல்வியைக் கண்டு அஞ்சியிருந்தவர்கள் அரைநேரத்தில் 42க்கு 0 என்ற கணக்கைப் பார்த்தார்கள். பர்டியூ 7க்கு 66 என்று தோற்றது.

கடினமான வெளியூர் ஆட்டத்தில் வெற்றி, எளிதான உள்ளூர் ஆட்டத்தில் தோல்வி, பிறகு வெளியூரில் ஐம்பத்தொன்பது புள்ளி வித்தியாசம். அந்தப் பருவத்தில் நோட்டர் டேம் அதன்பின் நாட்டு இறுதி ஆட்டம்வரை தோற்கவேயில்லை. 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் 23க்கு 34 என்று தோற்றுத்தான் அதன் பயணம் முடிந்தது. நாட்டின் இரண்டாவது சிறந்த அணியைத் தோற்கடித்த வடக்கு இல்லினாயோ, தன் அடுத்த ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் பஃபலோ அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது.

இதை வைத்து முன்கணிப்பு வீண் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கல்லூரிக் கால்பந்தில் எதிர்பார்க்கப்படும் வித்தியாசத்துக்கும் உண்மையில் நிகழும் வித்தியாசத்துக்கும் இடையிலான விலகலின் திட்ட அளவு ஏறத்தாழ பதினாறு புள்ளிகள். அதாவது மிகச் சிறந்த கணிப்பும் இரண்டு டச்டவுன்களுக்கு மேல் தவறிப்போவது அன்றாட நிகழ்ச்சி. இந்தப் பதினாறை வைத்துக்கொண்டு இயல்நிலைப் பரவலில் கணக்கிட்டால், மூன்று புள்ளி முன்னிலையுள்ள அணி வெல்லும் வாய்ப்பு சுமார் 57 விழுக்காடு மட்டுமே. ஏழு புள்ளி முன்னிலை என்றால் 67. இருபத்தெட்டு புள்ளி முன்னிலை என்றால் 96.

இந்த எண்களைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. 2023 செப்டம்பரில் டெக்சாஸ் அணி அலபாமாவின் மைதானத்துக்குச் சென்றபோது அலபாமா சுமார் ஏழு புள்ளிகள் முன்னிலையில் வைக்கப்பட்டிருந்தது. டெக்சாஸ் 34க்கு 24 என்று வென்றது. பெரும் வியப்பு என்று எழுதப்பட்ட அந்த முடிவு, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள நிகழ்ச்சிதான். மறுபுறம், 96 விழுக்காடு என்பது இருபத்தைந்தில் ஒரு முறை தவறும் என்பதையே சொல்கிறது. நான்கு டச்டவுன் வித்தியாசம் எதிர்பார்க்கப்படும் ஆட்டங்கள் இருபத்தைந்து நடந்தால், அவற்றுள் குறைந்தது ஒன்றிலாவது சிறிய அணி வெல்லும் வாய்ப்பு சுமார் 64 விழுக்காடு. பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரிகளை வரவழைத்து ஆடும் செப்டம்பரில் இத்தகைய ஆட்டங்களுக்குக் குறைவில்லை. எங்கோ ஓர் ஊர் ஒவ்வோர் ஆண்டும் அதிர்ச்சியில் உறைவதற்கு இதுவே காரணம். எந்த ஊர் என்பதை மட்டும் கணக்கு சொல்வதில்லை.

ரசிகரின் தாளில் இருந்த பிழையும் இங்கேதான் தெரிகிறது. அவர் நான்கு ஆட்டங்களையும் பார்த்து ஒவ்வொன்றிலும் தம் அணிக்கு எழுபது விழுக்காடு வாய்ப்பு என்று நினைக்கிறார் என்று கொள்ளலாம். எழுபது ஐம்பதைவிடப் பெரியது. ஆகவே நான்கிலும் வெற்றி என்று எழுதிவிடுகிறார். ஆனால் நான்கையும் வெல்லும் வாய்ப்பு 24 விழுக்காடுதான். எதிர்பார்க்கத் தக்க வெற்றிகளின் எண்ணிக்கை 2.8. ஒவ்வொரு வரியிலும் நியாயமாக நடந்துகொண்ட ஒருவர் மொத்தத்தில் மிகையான நம்பிக்கைக்கு வந்துசேர்கிறார். அக்டோபரில் அணி மூன்று வென்று ஒன்று தோற்றிருந்தால், எதிர்பார்ப்பைவிடச் சற்று மேலாகவே ஆடிய அணியைப் பார்த்து அவர் ஏமாற்றம் கொள்கிறார். பயிற்சியாளரை நீக்க வேண்டும் என்ற குரல் பெரும்பாலும் இவ்விடத்திலிருந்தே எழுகிறது.

இரண்டிரண்டாக மோதும் அணிகளின் பலத்தை மோதல் முடிவுகளிலிருந்தே கணிக்கும் முறைக்குப் புள்ளியியலில் பிராட்லி-டெர்ரி மாதிரி என்று பெயர். 1952இல் அதை வெளியிட்டவர்களுள் ஒருவரான ரால்ஃப் பிராட்லிதான் 1959இல் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறையை நிறுவியவர். அந்தத் துறைக்கு இந்தியாவுடன் ஒரு தொடர்பு உண்டு. டாக்காவில் பிறந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி. ஆர். ராவின் மாணவராக ஆய்வு செய்த தேபப்ரதா பாசு, 1970களின் நடுப்பகுதியிலிருந்து அங்கேதான் பேராசிரியராக இருந்தார். ராவ் பிற்காலத்தில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இரண்டும் கால்பந்துக்காகவே ஊர் முழுதும் வண்ணம் மாறும் வளாகங்கள்.

பாசு 1971இல் எழுதிய யானைக் கதையைப் புள்ளியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். சர்க்கஸ் முதலாளி ஒருவரிடம் ஐம்பது யானைகள். அவற்றின் மொத்த எடை அவருக்குத் தெரிய வேண்டும். எல்லா யானைகளையும் நிறுப்பது பெரும்பாடு. மூன்றாண்டுகளுக்கு முன் நிறுத்த பட்டியலைப் பார்க்கிறார். அதில் சாம்போ என்ற யானை சராசரி எடையுடன் இருக்கிறது. இப்போதும் அப்படித்தான் என்று பாகனும் சொல்கிறான். சாம்போவை மட்டும் நிறுத்து ஐம்பதால் பெருக்கிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்கிறார். சர்க்கஸின் புள்ளியியலாளர் பதறிப்போய், எல்லா யானைகளுக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறார். சாம்போவுக்கு நூற்றில் தொண்ணூற்றொன்பது, மற்ற ஒவ்வொன்றுக்கும் 4900இல் ஒன்று என்று திட்டமிடுகிறார். குலுக்கலில் சாம்போவே வருகிறது. சூத்திரத்தின்படி மொத்த எடை, சாம்போவின் எடையை 100/99ஆல் பெருக்கிய அளவே என்கிறார் அவர். மிகப்பெரிய யானையான ஜம்போ வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர் என்று முதலாளி கேட்க, அதன் எடையை 4900ஆல் பெருக்கியிருப்பேன் என்கிறார். அவருக்கு வேலை போகிறது.

அறிந்ததை ஒதுக்கிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதே பாசு சொல்ல வந்தது. ஆனால் கதையில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. முதலாளியின் பட்டியல் மூன்றாண்டுகள் பழையது. பாகன் தவறாகச் சொல்லியிருந்தால்?

பாசு பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தின் அணிக்கு 2024இல் அதுவே நேர்ந்தது. 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் முதல் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று தன் கூட்டமைப்பின் பட்டத்தைப் பெற்றிருந்தது. பருவம் முடிந்ததும் அதன் முக்கிய வீரர்கள் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டார்கள். ஆனாலும் 2024 தொடக்கத்தில் அது நாட்டின் பத்தாவது அணி என்று வரிசைப்படுத்தப்பட்டது. ஆகஸ்ட் 24 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜார்ஜியா டெக் அணியைச் சந்தித்தது. ஒரு டச்டவுனுக்கும் அதிகமான வித்தியாசத்தில் அது வெல்லும் என்றது கணிப்பு. கடைசி வினாடியில் உதைக்கப்பட்ட ஃபீல்டு கோலில் 21க்கு 24 என்று தோற்றது. அந்தப் பருவம் முழுதும் அது இரண்டு ஆட்டங்களில்தான் வென்றது, பத்தில் தோற்றது. பழைய பட்டியலின் எடை புதிய யானைக்குப் பொருந்தவில்லை.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. 2022இல் பன்னிரண்டில் ஒன்றே வென்ற கொலராடோ அணி, புதிய பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸின் கீழ் எண்பதுக்கும் மேற்பட்ட புதிய வீரர்களுடன் 2023 செப்டம்பர் 2 அன்று டெக்சாஸ் கிறிஸ்டியன் அணியின் மைதானத்துக்குச் சென்றது. எதிரணி அதற்கு முந்தைய பருவத்தில் நாட்டு இறுதி ஆட்டத்தில் ஆடியது. கொலராடோ சுமார் மூன்று டச்டவுன் வித்தியாசத்தில் தோற்கும் என்றார்கள். அது 45க்கு 42 என்று வென்றது. ஒரே மாலையில் நாடு முழுதும் கருத்து மாறியது. பழைய பட்டியலைக் கிழித்தெறிந்து அந்த ஓர் ஆட்டத்தையே புதிய பட்டியலாக்கிக்கொண்டார்கள் பலர். கொலராடோ அந்தப் பருவத்தை நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடித்தது. முதல் வெளியூர் ஆட்டம் ஒரு செய்தியைச் சொல்கிறது. ஆனால் பதினாறு புள்ளி விலகலுள்ள வாயால் சொல்கிறது. அதற்கு எவ்வளவு எடை தருவது என்பதே மதிப்பீட்டாளரின் தொழில். தேர்ந்த மாதிரிகள் பழைய நம்பிக்கையை ஒரே வாரத்தில் கைவிடுவதில்லை. வாரவாரம் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வருகின்றன.

இதுவரை சொன்னது பெரிய அணியின் வீட்டிலிருந்து பார்த்த பார்வை. பயணம் செய்து வருகிற சிறிய அணியின் பார்வை வேறு. ரசிகரின் தாளில் எண்ணாமல் வெற்றி என்று எழுதப்படும் அந்த வரி, மற்றோர் ஊரில் ஓராண்டு வரவுசெலவின் பெரும்பகுதி. பெரிய கல்லூரி பணம் கொடுத்துச் சிறிய கல்லூரியை வரவழைக்கிறது. பதிலுக்குத் தான் அங்கே சென்று ஆட வேண்டியதில்லை. 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்பலாச்சியன் ஸ்டேட் அணிக்கு நான்கு லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்து, தன் மைதானத்தில் 32க்கு 34 என்று அதனிடம் தோற்றது. 2022 செப்டம்பர் 10 அன்று ஒரே நாளில் மூன்று நிகழ்ந்தன. அப்பலாச்சியன் ஸ்டேட் டெக்சாஸ் ஏ அண்ட் எம் மைதானத்தில் 17க்கு 14 என்றும், மார்ஷல் நோட்டர் டேமின் மைதானத்தில் 26க்கு 21 என்றும், ஜார்ஜியா சதர்ன் நெப்ராஸ்காவின் மைதானத்தில் 45க்கு 42 என்றும் வென்றன. மூன்று அணிகளும் சன் பெல்ட் என்ற ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் அந்தப் பயணத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கும் அதிகமாகப் பெற்றது. மறுநாள் நெப்ராஸ்கா தன் பயிற்சியாளர் ஸ்காட் ஃபிராஸ்டை நீக்கியது.

இந்த ஏற்பாட்டில் விலை கொடுப்பது மாணவர்களின் உடல். தம்மைவிடக் கனமும் வேகமும் மிகுந்த எதிரிகளிடம் மூன்று மணி நேரம் மோதி, பெரும்பாலும் தோற்றுத் திரும்பும் பத்தொன்பது வயதினரின் உழைப்பில்தான் அந்தக் கல்லூரியின் நீச்சல் அணியும் மற்போர் அணியும் அவ்வாண்டு நடக்கின்றன. எனவே 2024 செப்டம்பர் 7 மாலையில் வடக்கு இல்லினாயின் பயிற்சியாளர் தாமஸ் ஹேமக் தொலைக்காட்சி முன் கண்ணீர் விட்டபோது, அதை வெறும் வியப்பின் கண்ணீர் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் அதே கல்லூரியில் படித்து, அதே அணிக்கு ஆடியவர். நான்கு விழுக்காடு என்ற எண்ணின் உள்ளே தம் மாணவர்கள் ஒவ்வொருவரின் கோடைகாலப் பயிற்சியும் இருப்பதை அவர் கண்டிருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு பின்னம்.

முன்கணிப்பு மேசையோடு நின்றுவிடுவதும் இல்லை. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின்மீது இருந்த கூட்டரசுத் தடையை நீக்கியது. பல மாநிலங்கள் அதற்கு வழிவிட்டன. கைபேசியில் இரண்டு தொடுதலில் பணம் கட்டலாம் என்றானபின், தாளில் எழுதிய தவறான வரி வேடிக்கையாக நிற்பதில்லை. குறி தவறிய உதையாளனுக்கு, தன் பணத்தை இழந்தவர்களிடமிருந்து வசையும் மிரட்டலும் செல்கின்றன. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர், தனி வீரர்களின் ஆட்டக் கணக்கின்மீது பந்தயம் வைப்பதை நிறுத்த வேண்டும் என்று 2024 மார்ச்சில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். இந்தியாவிலும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்தது. இருநாட்டு அனுபவமும் ஒன்றைச் சொல்கிறது: ஐம்பத்தேழு விழுக்காட்டை உறுதி என்று படிக்கும் மனத்திலிருந்துதான் இழப்பும் சினமும் தொடங்குகின்றன.

சவுத் பெண்ட் ரசிகர் 2025 ஆகஸ்டிலும் அட்டவணையை எடுத்திருப்பார். இம்முறையும் முதல் வரியில் வெளியூர் ஆட்டம்: ஆகஸ்ட் 31, மியாமி. நோட்டர் டேம் 24க்கு 27 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் சவுத் பெண்டுக்கு வந்து 41க்கு 40 என்று வென்று சென்றது. அதன்பின் எஞ்சிய பத்து ஆட்டங்களிலும் நோட்டர் டேம் வரிசையாக வென்றது. டிசம்பரில் பன்னிரண்டு அணிகள் கொண்ட இறுதிச் சுற்றுக்குத் தேர்வு நடந்தபோது, கடைசி இடங்களில் ஒன்றுக்கு மியாமியும் நோட்டர் டேமும் அருகருகே நின்றன. இரண்டுக்கும் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. நேருக்கு நேர் மோதியதில் வென்ற அணி எது என்று பார்த்தார்கள். மியாமி உள்ளே சென்றது. நோட்டர் டேம் வெளியே நின்றது.

முதல் வாரத்து வெளியூர் ஆட்டத்தில் மூன்று புள்ளிகள். மதிப்பீட்டாளர்கள் சொந்த மைதானத்துக்குத் தரும் அளவும் ஏறத்தாழ அதுவே. அதே ஆட்டம் சவுத் பெண்டில் நடந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று கேட்டால், சராசரி ஆம் என்று சொல்லத் தூண்டும். பதினாறு புள்ளி விலகல் அவ்வளவு உறுதியாகச் சொல்ல விடாது. ரசிகர் இனிச் செய்யத்தக்க திருத்தம் சிறியது. வெற்றி, தோல்வி என்ற சொற்களுக்குப் பதிலாக ஒவ்வொரு வரியிலும் ஒரு விழுக்காட்டை எழுதி, அவற்றைக் கூட்டி, எத்தனை வெற்றி எதிர்பார்க்கலாம் என்று தாளின் அடியில் குறித்துக்கொள்ளலாம். டிசம்பரில் அந்தத் தாளை எறிந்துவிடாமல் மேசை இழுப்பறையில் போட்டுவைக்கலாம். ஐந்தாறு ஆண்டுத் தாள்கள் சேர்ந்தபின், எழுபது என்று எழுதிய இடங்களில் உண்மையில் பத்துக்கு ஏழு முறை வென்றிருக்கிறதா என்று அவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணாமல் கடந்துபோன வரிகளின் எதிரணிப் பெயர்களையும் அப்போது ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.